குளம் ஒருவருடையது, அபாயம் யாருடையது?

ஓர் அணையைச் சோதித்த எஞ்சினீயர் அதற்கு "மிகுந்த அபாயம்" என்று முத்திரை குத்திவிட்டுப் போகிறார். அதைக் கேள்விப்படும் நாம் என்ன நினைப்போம்? கரை வெடித்துவிட்டது, மதகு ஓட்டையாகிவிட்டது, இன்றோ நாளையோ உடைந்துவிடும் என்றுதான் நினைப்போம். அந்த முத்திரையின் பொருள் அதுவன்று. கரை நேற்றுக் கட்டியதுபோல உறுதியாக இருக்கலாம். எலி வளை ஒன்றுகூட அதில் இல்லாதிருக்கலாம். ஆயினும் அது உடைந்தால் கீழே ஓர் உயிராவது போகக்கூடும் என்றால் அதற்கு மிகுந்த அபாயம் என்றே பெயர். உயிர் போகாது, ஆனால் பாலமும் பாதையும் மின்கம்பமும் போகும் என்றால் நடுத்தரம். சொந்தக்காரரின் காட்டையும் மேட்டையும் தவிர வேறொன்றும் நனையாது என்றால் குறைவு. அமெரிக்காவில் இப்படி மூன்று தரம் வைத்திருக்கிறார்கள். மற்ற தேசங்களும் வேறு வேறு பெயர்களில் இதே கணக்கைப் போடுகின்றன. கரை என்ன நிலையில் இருக்கிறது என்பது தனி மதிப்பீடு. அதைத் தனியாகவே எழுதி வைப்பார்கள்.

இதிலே ஒரு விசித்திரம் உண்டு. ஒரு கூடை மண்ணைக்கூட அசைக்காமல் ஒரு கரை "குறைவு" என்ற தரத்திலிருந்து "மிகுந்தது" என்ற தரத்துக்கு ஏறிவிடும். கீழே பள்ளத்தில் நாலு குடும்பம் வீடு கட்டிக் குடியேறினால் போதும். சொந்தக்காரர் தம் வீட்டில் உறங்கிக்கொண்டிருக்க, அவருடைய குளம் இரவோடிரவாக ஆபத்தான குளமாகிவிடுகிறது. முத்திரை விழுவது குளத்தின்மீது. அதை நிர்ணயிப்பதோ கீழே இருக்கும் ஜனங்கள். அப்படியானால் அந்த அபாயத்துக்குச் சொந்தக்காரர் யார்? இந்தக் கேள்வியைத்தான் இங்கே சற்று ஆராய விரும்புகிறோம்.

லிங்கியூ, செம்புரோங் போன்ற பெரிய அணைகளைப் பற்றி நாம் பேச வரவில்லை. அவற்றுக்குச் சர்க்கார் உண்டு, எஞ்சினீயர் உண்டு, அளவுக் கருவிகள் உண்டு. நம் கவலையெல்லாம் தனியார் நிலத்தில் இரண்டு மேடுகளுக்கு நடுவே மண்ணைக் கொட்டி மறித்த சிறு கரைகளைப் பற்றியது. ரப்பர் ஆலைக்குத் தண்ணீர் ஏராளமாக வேண்டும். லயத்து ஜனங்களுக்கும் நாற்றங்காலுக்கும் வேண்டும். ஆகவே தோட்டம் போட்டவர்கள் ஓடையை மறித்துக் குளம் வைத்தார்கள். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய், ஸ்கூடாய், மாசாய், ஊலு திராம் பக்கங்களில் தோட்டங்கள் துண்டு துண்டாகி வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. எஸ்டேட் மறைந்துவிட்டது. எஸ்டேட்டோடு கரையைச் சுற்றிவந்த காவற்காரரும் மறைந்துவிட்டார். தண்ணீர் மட்டும் தங்கிவிடும் இடங்களைப் பற்றியே இந்தப் பேச்சு.

மண்கரை எப்படி உடைகிறது என்பதை இரண்டு வார்த்தையில் சொல்லிவிடலாம். ஒன்று, தண்ணீர் மேலே வழிந்து உடைகிறது. மண்கரை தன் தலைக்குமேல் தண்ணீர் ஓடுவதைத் தாங்காது. சில மணி நேரத்தில் பிளந்துவிடும். அதற்காகத்தான் கரையைவிடத் தாழ்வாக ஒரு பக்கத்தில் கலிங்கு வைப்பது. கலிங்கு அடைபட்டால் கரையின் கதி அவ்வளவுதான். மற்றொன்று, தண்ணீர் உள்ளே புகுந்து உடைகிறது. பழைய குழாயை ஒட்டியோ, பட்டுப்போன மரத்தின் வேர் அழுகிவிட்ட துவாரத்தின் வழியாகவோ கசிவு தொடங்கி, நாளடைவில் மண்ணை அரித்துக் கொண்டுபோகிறது. கரையின் அடியில் தெளிந்த நீர் கசிந்தால் கவனித்து வரவேண்டும். கலங்கிய நீர் கசிந்தால் அன்றைக்கே ஆளைக் கூப்பிட வேண்டும். கரையின் மண் உள்ளிருந்து வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். இதை அறியப் பட்டம் எதுவும் வேண்டியதில்லை. பார்க்க ஓர் ஆள் இருக்கவேண்டும், அவ்வளவே.

மண்கரை உயிரோடிருப்பது மராமத்தினால்தான். சபா நாட்டு மஆரிப் அணையைப் பற்றி நம் வாசகர்கள் அறியாதவர்கள் அல்லர். அதுவும் மண்ணால் ஆன நெடுங்கரையே. ஆறாம் நூற்றாண்டில் அது முடிவாக அழிந்ததைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அதற்குமுன் பல நூற்றாண்டுகள் அது உடைவதும், ஜனங்கள் திரண்டு அடைப்பதுமாகவே நின்றது. அந்த நூற்றாண்டின் நடுவில் அதைப் பழுதுபார்த்துக் கல்வெட்டும் வைத்தவன் யானைப்படைக் கதையில் வரும் அதே அப்ரஹாதான். அப்படிப்பட்ட மனிதனுக்குக்கூட உடைந்த கரையைக் கண்டால் சும்மா இருக்க முடியவில்லை!

இனி விஷயத்துக்கு வருவோம். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் கலோகோ என்றொரு மண் அணை இருந்தது. கரும்புத் தோட்டத்துக்காக 1890-ஆம் ஆண்டு வாக்கில் கட்டியது. தோட்டத் தொழில் நசித்துத் தனியார் கைக்கு வந்தது. அதற்குப் பட்டியலில் இருந்த தரம் "குறைவு". குறைவு என்பதால் இராஜ்ய அதிகாரிகள் போய்ப் பார்க்கவும் இல்லை. 2006 மார்ச் 14-ஆம் தேதி, பல நாள் விடாத மழைக்குப் பிறகு, விடியும் முன்னே அது உடைந்தது. கீழே வீட்டில் இருந்த 7 பேர் மாண்டார்கள். விசாரித்தபோது கலிங்கு இருக்கவேண்டிய இடம் மண்போட்டு மூடப்பட்டிருந்ததாகத் தெரியவந்தது. பட்டியலில் இருந்த தரம் தப்பு என்பதும் அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது.

கென்யாவில் சோலாய் என்ற ஊருக்குமேல் ஒரு பெருந்தோட்டத்தின் தனியார் அணை 2018 மே 9-ஆம் தேதி இரவில் உடைந்தது. 40-க்கு மேற்பட்டோர் இறந்தனர்; அவர்களில் குழந்தைகள் பலர். அமெரிக்காவில் ஜியார்ஜியா இராஜ்யத்தின் டொக்கோவா என்னும் இடத்தில், ஒரு வேதாகமக் கல்லூரிக்குச் சொந்தமான பழைய மண் அணை 1977 நவம்பர் 6-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் உடைந்து, கீழே குடியிருந்த கல்லூரி ஜனங்களில் 39 பேரைக் கொண்டுபோயிற்று. அந்த அணை மின்சாரம் எடுப்பதற்காக உயர்த்தப்பட்டது. மின்சாரம் எடுப்பது 1957-லேயே நின்றுவிட்டது. இருபது வருஷம் அந்தத் தண்ணீர் அழகுக்காக நின்றிருந்தது. நல்ல மனிதர்கள், தெய்வ பயமுள்ளவர்கள், தங்கள் சொந்தப் பிள்ளைகளையே கீழே குடிவைத்திருந்தவர்கள். நல்லெண்ணம் கரையைக் காப்பதில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

சொந்தக்காரர் தரப்பில் சொல்லப்படும் நியாயத்தையும் கேட்கவேண்டும். "நான் குளம் வெட்டிய காலத்தில் கீழே காடு. நான் யாரையும் அங்கே வந்து வீடு கட்டச் சொல்லவில்லை. பிறன் செய்கையால் என் பாரம் எப்படிக் கூடும்?" என்கிறார். இது வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. ஆங்கில நாட்டுச் சட்டமும் நம் தாயகத்துச் சட்டமும் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே இதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன.

ரைலண்ட்ஸ் என்ற லங்காஷயர் ஆலை முதலாளி தம் ஆலைக்காக நீர்த்தேக்கம் ஒன்று கட்டுவித்தார். கட்டியவர்கள் தேர்ந்தவர்கள். அடியிலே பழைய சுரங்கக் குழிகள் இருந்தது முதலாளிக்குத் தெரியாது. 1860-ல் தண்ணீர் நிரப்பியதும் அது குழிவழியே புகுந்து பக்கத்திலிருந்த பிளெச்சர் என்பவரின் நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. வழக்கு மேலே மேலே போய் 1868-ல் பிரபுக்கள் சபை முடிவு சொல்லிற்று. தப்பினால் தீங்கு செய்யக்கூடிய ஒன்றைத் தன் காரியத்துக்காகத் தன் நிலத்தில் கொண்டுவந்து சேர்த்து வைப்பவன், அது தப்பினால் பதில் சொல்லியே தீரவேண்டும். அவன் கவனமாக இருந்தானா என்ற கேள்விக்கே இடமில்லை என்பது அதன் சாரம்.

ஆறே வருஷம் கழித்து, 1874-ல், லண்டனிலிருந்த பிரிவி கவுன்சிலின் முன் ஒரு சென்னை மாகாண வழக்கு வந்தது. வட ஆர்க்காட்டுப் பக்கத்துக் கார்வேட்டிநகர் ஜமீனில் கனத்த மழையினால் ஏரிக்கரைகள் உடைந்து மதராஸ் ரெயில்வே கம்பெனியின் பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டன. ரெயில்வேக்காரர்கள் ரைலண்ட்ஸ் தீர்ப்பைக் காட்டி நஷ்ட ஈடு கேட்டார்கள். கவுன்சில் மறுத்துவிட்டது. இந்த ஏரிகள் தொன்றுதொட்டு வருபவை. ஆயிரக்கணக்கான ஜனங்களின் சாகுபடி இவற்றை நம்பியது. ஜமீன்தார் நினைத்தாலும் இவற்றை மூடிவிட முடியாது, காப்பது அவர் கடமை. ஆகவே அவர் அசட்டையாக இருந்தார் என்று காட்டினால்தான் பொறுப்பு என்றது.

ஒரே தண்ணீர், ஒரே மண், இரண்டு தீர்ப்பு! நாம் இரண்டையும் நியாயம் என்றே கருதுகிறோம். ஆலை முதலாளியின் தண்ணீரால் பக்கத்துச் சுரங்கத்துக்கு எந்தப் பிரயோஜனமும் இல்லை. இலாபம் ஒருவருக்கு, ஆபத்து மற்றவருக்கு. ஏரியின் கதை அப்படியன்று. கரைக்குக் கீழே இருப்பவனே அந்தத் தண்ணீரில் நெல் விளைப்பவன். அவனே குடிமராமத்துக்கு மண்வெட்டியோடு வந்து நிற்பவன். மதகைத் திறக்கவும் மூடவும் ஊருக்கு ஒரு நீர்க்கட்டி உண்டு. கலிங்கில் ஒரு முழம் தண்ணீர் கூடினாலும் ஊரே அறியும். அந்தக் கரைக்கு ஆயிரம் கண்கள் இருந்தன. ரெயில்வே கம்பெனிதான் பாவம், தண்ணீரில் பங்கில்லாமல் வெள்ளத்தில் மட்டும் பங்கு பெற்றது. ஆனால் அது பின்னால் வந்த கம்பெனி. ஏரி எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பாதை போட அதற்கு எஞ்சினீயர்கள் இருந்தார்கள்.

ஆங்கிலப் பொதுச் சட்டம் மலாயாவுக்கும் வந்தது. 1960-களில் இந்நாட்டு ஈயச் சுரங்கம் ஒன்றின் குட்டைக்கரை உடைந்து ஓர் உயிர் போன வழக்கில் இதே ரைலண்ட்ஸ் விதி எடுத்து வாதிக்கப்பட்டது.

இப்போது நம் ஜொகூர்த் தோட்டக் குளத்தை எந்தப் பக்கம் சேர்ப்பது? தோட்டம் நடந்த காலத்தில், லயத்தில் இருந்தவர்கள் அந்தத் தண்ணீரையே குடித்துக் குளித்தார்கள் என்பதால், ஓரளவு ஏரியைப்போல் அது இருந்தது என்று வாதிக்கலாம். தோட்டம் விற்றுப்போன பிறகு அந்த வாதம் நிற்காது. புதிய வீட்டில் குடியிருப்பவருக்குக் குழாய்த் தண்ணீர் வருகிறது. மேலே ஒரு குளம் இருப்பதே அவருக்குத் தெரியாது. அது அவருக்கு ஒன்றும் தருவதில்லை. தரக்கூடியது வெள்ளம் ஒன்றுதான்.

"நான்தான் முதலில் வந்தவன்" என்ற வாதமும் இங்கே பெரும்பாலும் பொய்க்கோலம். கீழ்ப் பள்ளத்தை வீடமைப்புக்கு விற்றது யார்? பல சமயம் மேலே குளத்தை வைத்திருக்கும் அதே கைதான். விற்ற விலையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, வந்தவர்களைப் பார்த்து நீங்கள் ஏன் வந்தீர்கள் என்று கேட்பது நன்றாயிருக்கிறதா?

உண்மையிலேயே சம்பந்தமில்லாத ஒருவர் கீழே வீடுகள் கட்டினார், நகராண்மை அனுமதியும் கொடுத்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போது கரையை உயர்த்தவும் கலிங்கை அகலப்படுத்தவும் ஆகும் செலவு முழுவதையும் பழைய சொந்தக்காரர் தலையில் கட்டுவது அநியாயம். வீடு கட்டி விற்று இலாபம் பெற்றவரும், வரி வாங்கும் மன்றமும் பங்கேற்கத்தான் வேண்டும். செலவைப் பங்கிடலாம். ஆனால் கரையைப் பார்த்து வருவதையும், கீழே இருப்பவர்களுக்கு விஷயத்தைச் சொல்வதையும் பங்கிட முடியாது. பூட்டிய வேலிக்குள் இருக்கும் கரையில் கலங்கிய நீர் கசிவதை வேறு யார் பார்ப்பார்? அந்தத் தண்ணீர் அவருக்குச் சொத்து. கீழே உறங்குகிறவர்களின் உயிரோ, அவர்கள் அறியாமலே அவரிடம் ஒப்படைத்திருக்கும் அமானிதம். சொத்தை வைத்துக்கொண்டு அமானிதத்தை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட வழியில்லை. அமானிதம் பாரமாக இருந்தால் தண்ணீரை முறைப்படி வடித்துவிட்டுக் கரையை வெட்டிவிடலாம். ஒன்றுக்கும் உதவாத குளத்தை வைத்திருப்பதும் ஒருவர் தாமாகச் செய்யும் தேர்வுதான்.

"இறைவன் செயல்" என்ற வார்த்தையை இந்த விவகாரத்தில் அடிக்கடி கேட்கிறோம். அமெரிக்காவில் ஜான்ஸ்டவுன் நகருக்கு 14 மைல் மேலே, செல்வந்தர்களின் மீன்பிடிக் கழகம் ஒன்று பழைய மண் அணையை வாங்கி ஏரிக்கரை மாளிகைகள் கட்டிக்கொண்டது. தண்ணீரை வடிக்கும் இரும்புக் குழாய்கள் முன்னிருந்தவர் காலத்திலேயே பிடுங்கி விற்கப்பட்டிருந்தன. கழகம் அவற்றைத் திரும்பப் போடவில்லை. வண்டி போக வசதியாகக் கரையின் தலையைத் தாழ்த்தினார்கள். மீன் தப்பிவிடாமல் கலிங்கில் வலைத்தடுப்பு வைத்தார்கள். 1889 மே 31-ஆம் தேதி அது உடைந்து 2,209 பேர் மாண்டனர். வழக்குகளில் கழகத்திடமிருந்து யாருக்கும் ஒரு காசும் கிடைக்கவில்லை; மழை இறைவன் செயல் என்று போயிற்று. மழை இறைவன் செயல்தான். வலைத்தடுப்பு யார் செயல்?

மழையைப்பற்றி நம் ஊருக்கே ஒரு பாடம் உண்டு. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு அருகில் புயல் உருவாகாது என்று புத்தகங்கள் சொல்லிவந்தன. 2001 டிசம்பர் 27-ஆம் தேதி வாமெய் என்ற புயல் ஒன்றரைப் பாகைக்கும் குறைவான வட அட்சத்தில் உருவாகி ஜொகூரின் தென்கிழக்குக் கரையில் ஏறிற்று. கூனோங் பூலாயில் மலைச்சரிவினால் ஐந்து பேர் மாண்டார்கள். ஐந்து வருஷம் கழித்து, 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி இருமுறை முழுகியது. மாநிலத்தில் இலட்சம் பேருக்குமேல் வீட்டை விட்டு வெளியேறினார்கள். "ஐம்பது வருஷமாக இந்தக் கரைக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்பவர்களுக்கு இதற்குமேல் நாம் என்ன சொல்வது?

சட்டங்கள் அளவுகோலைக் கரையின் உயரத்திலிருந்தும் நீரின் அளவிலிருந்தும் தொடங்குகின்றன. வேல்ஸ் நாட்டு டால்காரோக்கில் 1925-ல் 16 பேர் இறந்த பிறகு பிறந்த 1930-ஆம் வருஷத்து ஆங்கிலச் சட்டம் 50 இலட்சம் காலனுக்கு மேற்பட்ட தேக்கங்களை மட்டும் பார்த்தது. இந்தியாவின் 2021-ஆம் வருஷத்து அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்டவற்றையும், 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவற்றில் சில நிபந்தனைக்கு உட்பட்டவற்றையும் எடுத்துக்கொள்கிறது. சர்க்காருக்கு ஆள்பலம் அவ்வளவுதான் என்பதை நாம் உணர்கிறோம். ஆனால் சட்டத்தின் எல்லை முடியும் இடத்தில் கடமையும் முடிந்துவிட்டதாகச் சொந்தக்காரர்கள் கருதுவதுதான் தொல்லை. எட்டு மீட்டர்க் கரைக்கு அடியில் இருப்பவனுக்குப் பதினைந்து மீட்டர்ச் சட்டத்தால் என்ன ஆறுதல்? அமெரிக்கப் பட்டியலில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு: உயிருக்கு அபாயம் என்ற தரமுடைய அணை எவ்வளவு சிறிதாயினும் அதில் சேரும். 90,000-க்கு மேற்பட்ட அந்த அணைகளில் பாதிக்குமேல் தனியாருடையவை. அளவைக் கீழேயிருந்து தொடங்கும் இந்த முறையே நமக்குச் சரியாகத் தோன்றுகிறது.

தரத்தை வெளியிட்டால் வீட்டு விலை விழும், ஜனங்கள் வீணாகப் பீதியடைவார்கள் என்று தடை சொல்வோர் உண்டு. நம்மவரில் வியாபாரிகள் அதிகம். சரக்கின் குறையை மறைத்து விற்கலாமா என்று அவர்களிடம் கேட்டால் பதிலுக்கு நேரம் பிடிக்காது. மேலே ஒரு குளம் உண்டு, அதன் கரைக்கு இன்ன தரம், உடைந்தால் தண்ணீர் இத்தனை நிமிஷத்தில் இங்கே வரும் என்பது அந்த வீட்டைப்பற்றிய உண்மைகளில் ஒன்று. கூரை ஒழுகுவதைச் சொல்லவேண்டும் என்றால் இதையும் சொல்லவேண்டும். பீதி என்பதும் பெரும்பாலும் விற்பவரின் பீதியே. குடியிருப்பவருக்கு எந்தப் பக்கம் மேடு என்று தெரிந்தால் போதும். மழை இரவில் அவர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஏறிவிடுவார். டொக்கோவாவிலும் கவாயிலும் சோலாயிலும் இறந்தவர்களுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை.

நம் சங்கத்து அங்கத்தினரில் சிறு தோட்டமும் குளமும் உடையவர்கள் இருந்தால், வடகிழக்குப் பருவக்காற்று நவம்பரில் தொடங்கும் முன்பே கரையை ஒருமுறை நடந்து பார்த்துவிடுவது நல்லது. கலிங்கில் வலையோ பலகையோ இருந்தால் எடுத்துவிடலாம். கரைமேல் பெருமரம் நின்றால் வெட்டிவிட்டு வேரை அப்படியே விட்டுவிடக்கூடாது. அது அழுகினால் தண்ணீருக்கு வழியாகும். தக்கவரைக் கேட்டே செய்யவேண்டும். வீடு வாங்கப்போகிறவர்கள் மாவட்டத்து நீர்ப்பாசன வடிகால் இலாகாவிலும் நகராண்மை மன்றத்திலும், மேலே யாருடைய தண்ணீர் நிற்கிறது என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்கலாம். தெரியாது என்று பதில் வந்தாலும், அதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளவும்.